உச்செல்லோவின் 'காட்டில் வேட்டை': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஓவியம்? எங்கே இருக்கிறது?

ஃபிளாரன்ஸ் நகரத்து ஓவியர் பாவ்லோ உச்செல்லோ தம் எழுபதாவது வயதை ஒட்டி, 1465க்கும் 1470க்கும் இடைப்பட்ட காலத்தில், மரப்பலகையில் தீட்டிய படம் இது. உயரம் 73.3 செ.மீ., அகலம் 177 செ.மீ. ஆறு பேர் அமரும் சாப்பாட்டு மேசையின் மேற்பலகையைக் கொஞ்சம் குறுக்கிச் சுவரில் மாட்டியதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டில் உள்ள அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆங்கிலேயர் இதைக் 'காட்டில் வேட்டை' என்கிறார்கள். இத்தாலிய நூல்களில் 'இரவு வேட்டை' என்ற பெயரும் உண்டு. இரண்டுமே பிற்காலத்தவர் வைத்தவை. படத்துக்கு ஓவியரே தலைப்பு எழுதிக் கொடுக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை.

குதிரைமேல் இத்தனை பேர் பாய்கிறார்களே, இது குதிரைப்படையா?

இல்லை, வேட்டைக் கூட்டம். யார் உடம்பிலும் கவசம் கிடையாது. ஆனாலும் பார்த்தவுடன் படை என்று தோன்றுவதில் தப்பில்லை. அந்நாளில் போரில் குதிரை ஏறியவர்களும் வேட்டையில் குதிரை ஏறியவர்களும் ஒரே வகுப்பார். கூட்டமாகக் குதிரையைச் செலுத்துவது, ஒலிக்குறிப்புக்கு ஏற்பத் திரும்புவது, கரடுமுரடான தரையில் சேணத்தில் நிலைத்து உட்காருவது எல்லாவற்றுக்கும் வேட்டைதான் அமைதிக்காலப் பயிற்சி.

இன்னொரு காரணமும் உண்டு. உச்செல்லோவின் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வருவது அவருடைய சான் ரோமானோ போர்க் காட்சிகள். 1432 ஜூன் 1ஆம் தேதி ஃபிளாரன்ஸ் படையும் சியேனா படையும் மோதிய சண்டையை மூன்று பெரிய பலகைகளில் அவர் தீட்டினார். ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் அகலம். இப்போது லண்டனில் ஒன்று, ஃபிளாரன்சில் ஒன்று, பாரிஸில் ஒன்று என்று பிரிந்து கிடக்கின்றன. பார்த்தோலினி சலிம்பேனி குடும்பத்துக்காக வரையப்பட்ட அந்தப் படங்கள்மேல், ஃபிளாரன்ஸைத் தம் கைக்குள் வைத்திருந்த லொரென்சோ தெ மெதிச்சிக்குக் கண். 1484இல் அவற்றைத் தம் மாளிகைக்கே கொண்டுபோய்விட்டார். 'கொண்டுபோனார்' என்பது மரியாதைக்காகச் சொல்வது.

அந்தப் போர்க் காட்சிகளில் ஃபிளாரன்சில் இருப்பதன் பின்புலத்தை உற்றுப் பாருங்கள். முன்னால் குதிரைகள் உதைத்து விழுந்துகொண்டிருக்க, பின்னால் குன்றுச் சரிவில் நாய்கள் முயல் துரத்திக்கொண்டிருக்கும். போருக்கு நடுவில் யாரோ நிம்மதியாக வேட்டையாடுகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து அந்த மூலையே ஒரு முழுப் படமாக விரிந்துவிட்டது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

படத்தில் என்னதான் நடக்கிறது?

இடப்பக்கத்திலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் ஆட்கள் நடுவை நோக்கிப் பாய்கிறார்கள். ஓரங்களில் குதிரைக்காரர்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் காலாட்களாகக் காட்டைக் கலைப்பவர்கள், கோலும் ஈட்டியுமாக ஓடுகிறார்கள். அவர்களுக்கும் முன்னால் நாய்கள். நாய்களுக்கு அப்பால் மான்கள். மான்களுக்கு அப்பால் இருட்டு.

நாய்களில் இருந்து தொடங்குவது நல்லது. மெலிந்த இடுப்பும் நீண்ட மூஞ்சியும் உள்ள ஓட்ட நாய்கள் அவை. சிப்பிப்பாறை நாயைப் பார்த்தவர்களுக்கு இந்த உடல்வாகு புதிதாக இராது. முன்னங்கால்களை முன்னே எறிந்து, பின்னங்கால்களைப் பின்னே நீட்டி, வயிறு தரைக்கு இணையாக அந்தரத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு நாயும் தரையில் கிடத்திய ஓர் அம்பு. எல்லா அம்புகளும் ஒரே இடத்தை நோக்கியவை.

அடுத்து சிவப்பு. தொப்பி சிவப்பு, காலோடு ஒட்டிய உடை சிவப்பு, குதிரையின் வார்கள் சிவப்பு. பச்சையும் கறுப்புமான காட்டில் இந்தச் சிவப்புகள் குங்குமம் சிந்தியதுபோல் தெறித்துக் கிடக்கின்றன. முன்னால் கையளவு இருக்கும் தொப்பி, நடுவில் விரல்நுனி அளவாகி, பின்னால் ஒரு புள்ளியாகிறது. ஆளின் முகமும் உடம்பும் இருளில் கரைந்த பிறகும் தொப்பி மட்டும் தெரிகிறது. காட்டின் ஆழத்தை அளக்க வேண்டுமானால் இந்தத் தொப்பிகளை எண்ணிக்கொண்டே போனால் போதும்.

பிறகு சத்தம். ஓவியத்தில் சத்தம் ஏது என்று கேட்கலாம். குதிரைக்காரர்களும் காலாட்களும் ஒருவரை ஒருவர் கூவி அழைக்கும் தோரணையில் இருக்கிறார்கள். கைகள் உயர்ந்திருக்கின்றன, தலைகள் திரும்பியிருக்கின்றன. மான் அகப்பட்டதாக எங்கும் காட்டவில்லை, சொட்டு ரத்தம் இல்லை. வேட்டைப் படங்களில் வழக்கமாக வரும் கடைசிக் காட்சி, அதாவது விழுந்த விலங்கும் வென்ற மனிதனும், இதில் கிடையாது. துரத்தல் மட்டுமே.

இரவா, பகலா?

வானம் கருநீலம், காடு கறுப்பு. அதனால்தான் 'இரவு வேட்டை' என்ற பெயர் வந்தது. ஆனால் முன்னால் இருக்கும் ஆட்கள்மீது நல்ல வெளிச்சம். விளக்கு இல்லை, தீவட்டி இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் கிடைக்காது. விடியலுக்கு முந்தைய நேரம் என்பார் சிலர், அந்தி என்பார் சிலர். நிலவொளி என்று வாதிடுவோரும் உண்டு.

என்னைக் கேட்டால் இது கடிகார நேரமே அல்ல. இருட்டு இருந்தால்தான் சிவப்பு எரியும், உருவங்கள் சிறுத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் காணாமல் போக முடியும். ஓவியருக்கு வேண்டியது அது. பலகை முழுக்க வெயிலடித்திருந்தால் இந்தப் படம் பாதி செத்திருக்கும்.

வேறொன்றும் சேர்ந்திருக்கிறது: வயது. செம்புச் சேர்மத்தால் ஆன பச்சை வண்ணங்கள் நூற்றாண்டுக் கணக்கில் பழுப்பேறிக் கறுப்பது வழக்கம். இலைகள்மீது பொன்வண்ணத் தீற்றல்கள் இருந்தன. இன்று அவற்றின் தடயங்கள்தாம் எஞ்சியுள்ளன. புதிதாக இருந்தபோது மர உச்சிகள் இதைவிடப் பசுமையாக, ஆங்காங்கே பளிச்சிட்டுக்கொண்டு இருந்திருக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தப் பொன் எப்படி அசைந்திருக்கும் என்பதை நாம் கற்பனைதான் செய்துகொள்ள வேண்டும்.

பெர்ஸ்பெக்டிவ், பெர்ஸ்பெக்டிவ் என்கிறார்களே, அது இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது?

முதலில் அது என்ன என்று பார்த்துவிடலாம். ரயில் தண்டவாளத்தின் நடுவே நின்று பார்த்தால் இரண்டு தண்டவாளங்களும் தூரத்தில் ஒன்றாகக் கூடுவதுபோல் தெரியும் அல்லவா? கூடுவதாகத் தெரியும் அந்த இடம்தான் மறைபுள்ளி. தட்டையான பரப்பில் தூரத்தைக் காட்ட, உள்நோக்கிப் போகும் கோடுகளை எல்லாம் அந்தப் புள்ளியில் சேர்த்து வரைய வேண்டும் என்பதே இந்தக் கணக்கு. ஃபிளாரன்சில் புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைச் செய்து காட்டினார். 1435இல் ஆல்பெர்த்தி என்ற அறிஞர் அதை விதிகளாக எழுதிவைத்தார். உச்செல்லோ அந்தத் தலைமுறைக்காரர். அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டதோடு நில்லாமல் அதில் பித்துப் பிடித்தவர்.

இந்தக் கணக்கைக் காட்ட எளிய இடம் எது? கட்டடம். சதுரக் கற்கள் பாவிய தரை, வரிசையாகத் தூண்கள், விட்டங்கள் பதித்த கூரை இருந்தால் ஓவியனுக்கு வேலை மிச்சம். கோடுகளைக் கட்டடமே கொடுத்துவிடும். அக்காலத்துப் படங்களில் பல ஏன் மண்டபத்துக்குள் நடக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மிகக் கடினமான இடம் எது? காடு. அங்கே நேர்கோடு ஏது? தரை சமமில்லை, மரம் வரிசையில் முளைப்பதில்லை, ஓடும் மிருகம் எந்தக் கோட்டிலும் நிற்பதில்லை.

எழுபது வயதுக் கிழவர் போய்க் காட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதுதான் இந்தப் படத்தின் குறும்பு.

எப்படிச் சமாளித்தார் என்று பாருங்கள். முன்வரிசையில் நான்கு பெரிய மரங்களை நிறுத்தி, பலகையை ஏறத்தாழச் சம பங்குகளாகப் பிரித்துவிடுகிறார். அவற்றுக்குப் பின்னால் வரும் மரங்கள் படிப்படியாகச் சிறுக்கின்றன. தரையில் வெட்டிப் போட்ட மரத்துண்டுகள் கிடக்கின்றன. ஏனோதானோவென்று கிடப்பதுபோல் இருந்தாலும் அவற்றின் நீளத்தை மனதால் நீட்டிப் பாருங்கள். நேரே நடுப்புள்ளிக்குப் போகின்றன. வலப்புறம் ஒரு நீர்நிலை தெரிகிறது, அதன் கரையும் உள்நோக்கியே இழுக்கிறது. பிறகு ஆட்கள் வைத்திருக்கும் ஈட்டிகள், நாய்களின் முதுகுகள். மண்டபத்துத் தரைக்கற்கள் செய்ய வேண்டிய வேலையை விறகும் நாயும் செய்கின்றன.

சான் ரோமானோ போர்க் காட்சிகளிலும் இதே தந்திரம் உண்டு. லண்டனில் உள்ள பலகையில், முறிந்து விழுந்த ஈட்டிகள் தரையில் கட்டம் போட்டதுபோல் ஒழுங்காகக் கிடக்கும். சண்டையில் முறிந்த ஈட்டி இப்படி அளவெடுத்து விழுமா என்று சிரிப்பு வரும். வேட்டைப் படத்தில் அந்தச் சிரிப்பு வராது. விறகு இப்படிக் கிடக்கக்கூடியதுதான். கணக்கு அப்படியே இருக்கிறது, அதை மறைக்கும் கைதான் தேர்ந்திருக்கிறது.

அந்த மறைபுள்ளியில் என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை. அக்காலத்துப் பெரிய படங்களில் அந்த இடத்தில் கிறிஸ்துவின் தலையோ, ஒரு வாசலோ, பலிபீடமோ, குறைந்தபட்சம் ஒரு தூரத்து மலையோ இருக்கும். கோடுகள் கண்ணை அழைத்துப் போய் ஒன்றைக் காட்டும். இங்கே எல்லாக் கோடுகளும் எல்லா நாய்களும் கண்ணை இழுத்துப் போய் மரங்களுக்கு நடுவே உள்ள கறுப்பில் விட்டுவிடுகின்றன. மான்கள் அதற்குள் நுழைந்துகொண்டிருக்கின்றன. முதலில் போன மான் ஏற்கெனவே தப்பித்துவிட்டதா, அப்பாலும் ஆட்கள் காத்திருக்கிறார்களா என்று சொல்ல வழியில்லை.

தூரத்தைத் துல்லியமாகக் காட்டுவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட கணக்கை, தெரியாமல் போவதைக் காட்டப் பயன்படுத்தியிருக்கிறார். இந்தப் படத்தைப் பெர்ஸ்பெக்டிவ் பாடத்துக்கான எடுத்துக்காட்டாக மட்டும் அச்சிடும் புத்தகங்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அதில் அம்புக்குறி போட்டுக் காட்டும் கோடுகள் சரிதான். கோடு முடியும் இடத்தைப் பற்றித்தான் ஒரு வார்த்தையும் இராது.

மரங்கள் ஏன் கோயில் தூண்போல் வழவழப்பாக இருக்கின்றன?

அடிக்கிளைகள் இல்லாததால். உச்சியில் மட்டும் குடைபோல் இலை. கீழே குதிரையும் ஆளும் தடையில்லாமல் ஓட இடம் இருக்கிறது. தரையில் வெட்டுண்ட கட்டைகளும் கிடப்பதைச் சேர்த்துப் பார்த்தால், இது யாரும் தொடாத வனம் அல்ல, மனிதர் வெட்டித் திருத்தி வைத்திருக்கும் காடு என்று விளங்கும். ஓவியருக்கும் அதனால் இரட்டை வசதி: அளவு காட்ட நேரான தண்டுகள், பார்வை ஊடுருவ இடைவெளிகள்.

உச்செல்லோ என்பது அவருடைய உண்மைப் பெயரா?

பட்டப்பெயர். இயற்பெயர் பாவ்லோ தி தோனோ, அதாவது தோனோவின் மகன் பாவ்லோ. 1397இல் பிறந்தார். 'உச்செல்லோ' என்றால் இத்தாலிய மொழியில் பறவை. பறவைகளையும் விலங்குகளையும் வரைவதில் அவருக்கு இருந்த ஆசையால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது கதை. பையனாக இருந்தபோது சிற்பி கிபெர்த்தியின் பட்டறையில் வேலை கற்றார்; ஃபிளாரன்ஸ் ஞானஸ்நான ஆலயத்தின் வெண்கலக் கதவுகள் உருவான பட்டறை அது. பிறகு சில ஆண்டுகள் வெனிஸில் மொசைக் வேலை. 1436இல் ஃபிளாரன்ஸ் பேராலயச் சுவரில், ஜான் ஹாக்வுட் என்ற ஆங்கிலேயக் கூலிப்படைத் தளபதியைக் குதிரைமேல் அமர்ந்த சிலைபோல் தீட்டினார். 1443இல் அதே ஆலயத்தின் கடிகார முகப்பு. சாந்தா மரியா நொவெல்லா மடத்தின் முற்றச் சுவரில் நோவாவின் பிரளயக் காட்சி.

வேலை இல்லாத நேரங்களில் மட்சோக்கியோவை வரைந்தார். மட்சோக்கியோ என்பது ஃபிளாரன்ஸ் ஆண்கள் தலைத்துணிக்குள் வைக்கும் வளையம், நம் சும்மாடு மாதிரி. அதைப் பல முகங்கள் கொண்ட வளையமாகப் பிரித்து, ஒவ்வொரு முகமும் எந்தக் கோணத்தில் எப்படித் தெரியும் என்று கோடு கோடாக வரைந்திருக்கிறார். இன்று கணினியில் முப்பரிமாண உருவங்களுக்குக் கம்பிக்கூடு போடுகிறார்களே, கிட்டத்தட்ட அதே தோற்றம். அந்த வரைபடங்களைப் பார்க்கும்போது மனிதருக்கு எவ்வளவு பொறுமை என்று வியப்பு வரும். கொஞ்சம் பயமும் வரும்.

'என்ன இனிமையான பொருள் இந்தப் பெர்ஸ்பெக்டிவ்' என்று மனைவியிடம் சொன்னாராமே, உண்மையா?

ஜார்ஜோ வசாரி சொன்ன கதை அது. இத்தாலியக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதி 1550இல் வெளியிட்டவர் வசாரி. இரவெல்லாம் மேசையில் குனிந்து மறைபுள்ளியைத் தேடிக்கொண்டிருப்பாராம் உச்செல்லோ. படுக்க வாருங்கள் என்று மனைவி கூப்பிட்டால் இப்படி ஒரு பதில் வருமாம்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வசாரி பிறந்ததே 1511இல், உச்செல்லோ இறந்து 36 ஆண்டுகள் கழித்து. வசாரிக்கு ஒரு முன்முடிவும் இருந்தது: கணக்கில் மூழ்கி இந்த மனிதர் தம் திறமையை வீணடித்தார் என்பது. அதற்குத் தோதான கதைகளையே சேர்த்தார். இன்னொன்றும் சொல்கிறார். ஒரு மடத்தில் சுவரோவியம் தீட்டப் போன இடத்தில் மடத்துத் தலைவர் மூன்று வேளையும் பாலாடைக்கட்டியே போட்டாராம். பொறுக்க முடியாமல் உச்செல்லோ ஓடிவிட்டார். ஏன் என்று கேட்ட துறவிகளிடம், 'உடம்பு முழுக்கப் பாலாடைக்கட்டி. இனித் தச்சர்கள் என்னைப் பிடித்துப் பசை காய்ச்சிவிடுவார்கள்' என்றாராம். அந்நாளில் தச்சர்கள் பாலாடைக்கட்டியிலிருந்து பசை தயாரித்தது உண்மை. மற்றதற்கு நான் பொறுப்பில்லை.

வறுமையில் வாடிய காலத்தில் வரைந்தது என்கிறார்களே?

1469ஆம் ஆண்டு வரிக் கணக்கில் அவர் எழுதிக்கொடுத்தது இன்றும் இருக்கிறது. தமக்கு வயதாகிவிட்டது, பிழைப்புக்கு வழியில்லை, வேலை செய்ய முடியவில்லை, மனைவி நோயாளி என்று அதில் சொல்லியிருக்கிறார். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த வரிகளில் கண்கலங்கிவிடுவார்கள்.

கொஞ்சம் நிதானிக்கலாம். அது வரி அதிகாரிகளுக்குக் கொடுத்த தாள். எந்த ஊரில் எந்தக் காலத்தில் யார் தம் வரிக் கணக்கில் 'நன்றாக இருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறார்கள்? அவருக்கு ஃபிளாரன்சில் சொந்த வீடு இருந்தது, 1434இல் வாங்கியது. அதற்காக அவர் பொய் சொன்னார் என்றும் ஆகாது. அப்போது அவருக்கு 72 வயது. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் தொம்மாசா மலிஃபீச்சி என்ற பெண்ணை மணந்தார்; மகள் ஆன்தோனியாவுக்கு 13 வயதுதான். நகரத்தின் பெரிய வேலைகள் எல்லாம் இளையவர்களிடம் போய்விட்டிருந்தன. 1460களின் இறுதியில் அவருக்குக் கிடைத்த முக்கியமான வேலை வெளியூரில், ஊர்பினோவில்: ஒரு பக்திச் சங்கத்தின் பலிபீடப் படத்துக்குக் கீழே வரும் ஆறு சிறு காட்சிகள். அந்தப் பலிபீடத்தின் பெரிய படத்தைக்கூடப் பிறகு ஃபிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் ஒருவர்தான் தீட்டினார்.

ஆக, அலுப்பும் முதுமையும் உண்மை. ஆனால் வேட்டைப் படத்தில் அதன் சாயலைத் தேடாதீர்கள். தளர்ந்த கையின் நடுக்கம் எங்கும் இல்லை. 1475 டிசம்பர் 10ஆம் தேதி அவர் இறந்தார். இதுவே அவருடைய கடைசிப் பெரிய படமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

யாருக்காக வரைந்தார்? எங்கே மாட்டினார்கள்?

ஒப்பந்தமோ ரசீதோ எஞ்சவில்லை. படத்தின் வடிவம் கொஞ்சம் பேசுகிறது: உயரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அகலம். செல்வர் வீட்டு அறைகளில் தோள் உயரத்தில், மரச்சட்டகத்தோடு சேர்த்துப் பதிக்கும் அலங்காரப் பலகைகள் அந்நாளில் வழக்கத்தில் இருந்தன. இத்தாலியர் அதை ஸ்பல்லியேரா என்பார்கள், தோள் என்ற சொல்லிலிருந்து வந்தது. இதுவும் அப்படிப்பட்டதாகவே கருதப்படுகிறது. திருமணத்தை ஒட்டி இத்தகைய பலகைகளைச் செய்விப்பதும் உண்டு. துரத்துவதும் பிடிபடாமல் ஓடுவதும் காதல் கவிதைகளில் அடிக்கடி வரும் உருவகம் என்பதால், வேட்டைக் காட்சி மணவீட்டுக்குப் பொருந்தாத ஒன்றல்ல.

குதிரைகளின் அணிகளில் பொன்னிறப் பிறைகளைக் காணலாம். பிறை, வேட்டைக்கும் நிலவுக்கும் உரிய ரோமானியப் பெண்தெய்வமான தயானாவின் அடையாளம். அதை ஒரு குடும்பத்தின் சின்னமாகப் படித்து, வாங்கியவரின் பெயரைக் கண்டுபிடிக்க முயன்றவர்களும் உண்டு. எதுவும் நிலைக்கவில்லை.

குதிரைகள் மரப்பாச்சி மாதிரி இருக்கின்றனவே, அவருக்குக் குதிரை வரையத் தெரியாதா?

இந்தக் குற்றச்சாட்டுக்கு 450 வயதுக்கு மேல் ஆகிறது. தொடங்கிவைத்தவர் அதே வசாரி. ஹாக்வுட்டின் குதிரை ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்துத் தூக்குகிறது, அப்படித் தூக்கினால் குதிரை விழுந்துவிடும் என்று குறை சொன்னார். உண்மையில் அப்படி நடக்கும் குதிரைகள் உண்டு. நெடும்பயணத்துக்கு ஏறுகிறவர்கள் அந்த நடையைத்தான் விரும்பினார்கள், குலுங்காது என்பதால்.

பாயும் குதிரையின் கால்கள் எந்தக் கணத்தில் எங்கே இருக்கும் என்பது மனிதக் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம் எடுத்தபோதுதான் அது தெளிந்தது. அதற்கு முன் வரைந்த எல்லாரும் ஊகித்தே வரைந்தார்கள்.

உச்செல்லோவின் குதிரைகள் கடைந்தெடுத்த பொம்மைபோல் இருப்பது உண்மை. போர்க் காட்சிகளில் அந்த விறைப்பு எனக்கும் உறுத்துகிறது. வேட்டைப் படத்தில் குதிரைகள் சிறியவை, ஓரங்களில் நின்று உள்நோக்கித் துள்ளுபவை. தனித்தனிக் குதிரையாக அவற்றைப் பார்க்கக் கண்ணுக்கு நேரமே கிடைப்பதில்லை. கூட்டத்தின் தாளத்தில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

எதில் தீட்டினார்?

மரப்பலகையில், முட்டையின் மஞ்சள்கருவில் குழைத்த வண்ணமும் எண்ணெய் வண்ணமும் சேர்த்து. பொன்னும் பயன்படுத்தினார்.

இத்தாலியப் படம் ஆக்ஸ்போர்டுக்கு எப்படிப் போனது?

வில்லியம் ஃபாக்ஸ்-ஸ்ட்ராங்வேஸ் என்ற ஆங்கிலேயத் தூதரக அதிகாரி வழியாக. ஓவியர் ரஃபேலின் காலத்துக்கு முந்தைய இத்தாலிய ஓவியங்களை இங்கிலாந்தில் பெரும்பாலோர் முரட்டுப் படங்கள் என்று ஒதுக்கிக்கொண்டிருந்த நாளிலேயே அவர் தேடித்தேடி வாங்கினார். 1828இலும் 1834இலும் ஒரு பகுதியை ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குக் கொடுத்தார். 1850இல் இன்னொரு பகுதியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். வேட்டைப் படம் அதில் ஒன்று. இன்று ஏலத்துக்கு வந்தால் என்ன விலை போகும் என்று எண்ணிப் பார்க்கவே வேண்டாம். அன்று அது ஓர் அதிகாரியின் வினோத ரசனை.

அவருடைய மகளும் ஓவியராமே?

ஆம். ஆன்தோனியா, 1456இல் பிறந்தவர், கார்மலைட் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1491இல் இறந்தபோது நகரத்து இறப்புப் பதிவேட்டில் அவரை ஓவியர் என்றே குறித்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பெண்பாலில் எழுதியிருக்கிறார்கள். அவர் கையால் ஆனது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு படமும் இன்று இல்லை.

நேரில் பார்த்தால் எப்படிப் பார்ப்பது?

லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து ஆக்ஸ்போர்டு ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பெரும்பாலோர் அறைக்குள் நுழைந்து, படத்துக்கு எதிரே நடுவில் நின்று, அரை நிமிடம் பார்த்து, ஒரு செல்போன் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நடுவில் நிற்பது சரிதான். கோடுகள் அங்கேதான் கூடும். ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடது ஓரத்துக்குப் போய்ச் சுவரையொட்டி நில்லுங்கள். கிட்டப் போனால் ஆட்கள் தனித்தனி ஆட்களாகத் தெரிவார்கள்: இவன் கோலை எப்படிப் பிடித்திருக்கிறான், அவன் குதிரையை எப்படி அடக்குகிறான் என்று. பிறகு படத்தை ஒட்டியபடியே மெல்ல வலப்பக்கம் நடங்கள். ஒவ்வொரு பெரிய மரத்தைக் கடக்கும்போதும் அதற்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் வெளிப்படுவதுபோலவும் இன்னொருவர் ஒளிந்துகொள்வதுபோலவும் ஒரு மயக்கம் வரும். பலகை தட்டைதான், எதுவும் அசையாது என்று தெரிந்தும் வரும். வலது ஓரத்தை அடைந்த பிறகு நான்கடி பின்வாங்கி, நடுவுக்கு வந்து, சிவப்புத் தொப்பிகளைப் பெரியதிலிருந்து சிறியதாக எண்ணத் தொடங்குங்கள். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மாறும்.